எட்டு ஐம்பதுக்கு எடுத்த கொப்பி

கொம்பியூட்டருக்கு உப்புக்காற்று ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் காலையில் சங்கக் கந்தோரைத் திறந்ததும் முதல் வேலையாக அதைப் பழைய பெனியன் துணியால் துடைத்துவிடுவேன். மூன்று வருடத்தில் அந்த வேலை ஒரு நாளும் தவறவில்லை. அதில் ஒருவரும் என்மேல் குறை சொல்ல முடியாது. நீங்கள் என்னைக் கூப்பிட்டது மற்ற விஷயத்துக்கு என்று தெரியும். அதையும் சொல்கிறேன், அவசரப்படாமல் எழுதுங்கள். பிளேன்டீ நன்றாக இருந்தது. சீனிதான் கொஞ்சம் கஞ்சத்தனம்.

பெயர் யாகப்பு. ஊர் கண்டக்குழி. வயது எழுபத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. தொழில் கடல். முழங்கால் சொல்வழி கேட்காமல் போன பிறகு திங்கட்கிழமை மட்டும் கடலுக்குப் போவேன். மற்ற நாட்களில் மீனவர் சங்கக் கந்தோரில் திறப்பதும் கூட்டுவதும் பூட்டுவதும். நான் ஒருவரையும் நம்புகிற ஆள் இல்லை. அது குற்றமென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து வள்ளம் ஒன்று காணாமல் போனது. ஆறு நாள் தேடியும் ஒரு பெற்றோல் கான்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு சங்கம் எல்லா வள்ளத்திலும் கையகலப் பெட்டி ஒன்றைப் பூட்டியது. வள்ளம் எங்கே நிற்கிறது என்பதைக் கால் மணிக்கு ஒருமுறை அந்தப் பெட்டி கந்தோருக்குச் சொல்லும். கந்தோர்க் கொம்பியூட்டர் அதை இலக்கமாக எழுதி வைக்கும். ஒரு பயணத்துக்கு ஒரு பைல்.

இதையெல்லாம் செய்து தந்தவள் அக்கீலா. புத்தளத்துப் பிள்ளை. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு விரட்டப்பட்டு வந்த பதியுதீனுடைய மகள். நல்ல பிள்ளை, இப்போதும் சொல்கிறேன். இது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று சொன்னாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒழுக்கமான சாமான் என்று பட்டது.

"அங்கிள், இதுல உள்ளதெல்லாம் டெய்லி காலம்பற ஆறு மணிக்குத் தானாவே கொப்பி ஆகும்" என்றாள். "ஒண்டு பக்கத்துல இருக்கிற டிஸ்குக்கு, மற்றது புத்தளத்துல எங்கட ஒபிஸ் மெஷினுக்கு."

"ஆர் எடுக்கிறது?"

"ஒருத்தரும் இல்ல. நேரத்த எழுதி வச்சாக் காணும், அதுவாவே எடுக்கும்."

"ஆளில்லாம ஒண்டு நடக்குதெண்டா அதில கள்ளம் இருக்கு, பிள்ளை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "எங்கட வாப்பா மன்னாரால வரக்குள்ள ஒரு ஷொப்பிங் பேக்தான் அங்கிள் கொண்டு வந்த. காணி உறுதி, சான்றிதழ் எல்லாம் அங்கேயே போச்சு. வேற ஒரு எடத்துல ஒரு கொப்பி இருந்திருந்தா நாங்க இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டம். ஒரு கொப்பிதான் இருக்கு எண்டா, அது இல்லாத மாதிரித்தான்."

"ஒரு கொப்பிதான் இருக்கு எண்டாத்தான், அது என்ட சாமான்" என்றேன் நான்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஐயா. அவள் இழந்ததை நினைத்துச் சொன்னாள். நான் வைத்திருந்ததை நினைத்துச் சொன்னேன்.

மின்வெட்டு வருகிற நாட்களில் ஆறு மணிக்குக் கரண்ட் இருக்காது. அப்போது கொப்பி நேரத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் புத்தளத்திலிருந்து ஓடி வர முடியாதென்று அவள் அதை எனக்கே சொல்லித் தந்தாள். ஒரு வரியில் ஐந்து இடம். முதலாவது நிமிடம், இரண்டாவது மணி, பிறகு திகதி, மாதம், கிழமை. எந்த நாளும் என்றால் நட்சத்திரம் போட வேண்டும். பூச்சியம், ஆறு, மூன்று நட்சத்திரம். அவ்வளவுதான். சங்கத் தலைவருக்கு இரண்டு மாதமாகியும் அது விளங்கவில்லை. எனக்கு ஒரே தரத்தில் பிடிபட்டது. நீரோட்டம் திரும்புகிற மணி, காற்று மாறுகிற மாதம், வெள்ளிக்கிழமையில் எவன் கடலுக்குப் போகமாட்டான், ஞாயிறில் எவன் போகமாட்டான் என்று அறுபது வருடம் கணக்கு வைத்தவனுக்கு இது என்ன பெரிய காரியம். அக்கீலா கட்டளைகளைக் கலண்டர் மட்டையில் எழுதித் தந்தாள். ஒரு வள்ளம் கடைசியாக எங்கே நின்றது என்று பார்ப்பது எப்படி, நேரம் மாற்றுவது எப்படி, கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது. ஒரு பைலை அழிப்பது எப்படி என்பது அந்த மட்டையில் இல்லை. அதை அவள் விரலைப் பார்த்துப் படித்தேன். வலை முடியப் பழகியதும் அப்படித்தான்.

இனி என் பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்கடியிலே கல்லும் கடற்பூண்டும் சேர்ந்து மீன் அடைகிற இடத்தைத்தான் பார் என்போம். எங்கள் கடலில் ஊருக்குத் தெரிந்த பார்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றில் மீனைவிட வள்ளம்தான் கூட. என் பார் ஊருக்குத் தெரியாது. என் அப்பா கண்டுபிடித்தது. உயிர் பிரிவதற்கு இரண்டு நாள் முந்தி, அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு என் காதில் மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. பார் காதுக்குக் காதுதான் போகும், அதுவும் ஒரே ஒரு காதுக்கு. அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் யாராவது எங்கே என்று கேட்பார்கள். ஒரு திங்கட்கிழமையாவது வெறும் வள்ளமாக வந்ததில்லை. ஒவ்வொரு கலவாய் மீனும் கைக்குழந்தை அளவு இருக்கும்.

அதை என் மகன் கில்பட்டுக்காக வைத்திருக்கிறேன். அவன் இப்போது கடற்கரையில் லொட்ஜ் ஒன்றில் வேலை. வெள்ளைக்காரரை ஒரு பெரிய பட்டத்தில் கட்டிக் கடல்மேல் இழுக்க விடுகிற வேலை. அதற்கும் ஆள் வருகிறது, ஐயா. ஒருநாள் பேச்செடுத்தபோது, "அப்பா, உங்கட பார் எனக்கு வேணாம். எனக்குக் காத்து அடிச்சாக் காணும்" என்றான். விளையாட்டுப் பிள்ளை. முப்பத்தாறு வயதுதான்.

பெட்டியை வள்ளத்தில் பூட்டிய முதல் திங்கட்கிழமையே எனக்கு விஷயம் வெளித்துவிட்டது. போய் வந்து திரையைப் பார்த்தால், அப்பா காதில் சொன்ன இடம் இரண்டு இலக்கமாக அங்கே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பைலை அழித்துவிட்டேன். என் வள்ளம், என் பயணம். பதினொரு மணிக்குப் புத்தளத்திலிருந்து அக்கீலாவின் கோல்.

"அங்கிள், ஒங்கட திங்கட்கிழமை பைல் ஒண்டு இல்லாமப் போயிருக்கு. கவலப்படாதீங்க, ஆறு மணிக் கொப்பியில இருந்து திருப்பி எடுத்திட்டன்."

"எடுத்திட்டியோ. பெரிய உபகாரம்."

"நல்ல காலம் இண்டைக்கே கண்டது. நாளக்கி ஆறு மணி தாண்டியிருந்தா ரெண்டு கொப்பியும் மறந்திருக்கும். இங்க என்ன இருக்கோ அதத்தான் அது வச்சிருக்கும். இங்க இல்லாதத அங்கயும் அழிச்சிடும். டிஸ்க் சின்னது அங்கிள், பழசெல்லாம் வச்சிருக்க ஏலாது."

நான் கேட்காமலே அவள் சொன்னாள். அன்று பின்னேரமே அந்தப் பைலைத் திரும்பவும் அழித்தேன், மறுநாள் ஆறு மணிக்கு இரண்டு கொப்பியும் அதை மறந்தன. அதன் பிறகு சுகம். திங்கட்கிழமை கரைக்கு வந்த கையோடு, மீனை இறக்குவதற்கு முந்தி, பைலை அழித்துவிடுவேன். அடுத்த நாள் ஆறு மணிக் கொப்பி அதைக் கண்ணாலும் காணாது. என் வள்ளத்துப் பெட்டியில்தான் பிழை என்று நினைத்து அவள் இரண்டு முறை புதுப்பெட்டி மாற்றித் தந்தாள். பாவம்.

என் பாருக்கு ஆசைப்பட்டவன் பேதுரு. என் மனைவி அல்பொன்சாவின் தம்பி. முப்பது வருடமாக அவனுக்கு அது ஒரு வருத்தம். ஆனால் பேதுருவைப் போல் சிரிக்க வைக்கிற ஆள் கண்டக்குழியில் இல்லை. கரையில் என் மீனைப் பார்த்ததும் தொடங்குவான்.

"அத்தான், உங்கட பாரில மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்து வச்சிருக்கிறீங்களோ? பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வருதே."

"ஓம். உன்ட பேரைச் சொன்னா மட்டும் ஓடிப் போகுது."

"சாகேக்குள்ள எனக்குத்தானே சொல்லுவீங்க?"

"நீ முதல் செத்துப் பார், அங்க வந்து சொல்லுறன்."

கரையே சிரிக்கும். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவின் கையால் சொதி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவான். எனக்கும் அவனுக்கும் பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அந்தப் புதன்கிழமை. சித்திரை வருஷத்துக்கு ஒரு கிழமை முந்தி. பேதுருவும் அவனுடைய மகன் கெவினும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வலை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். எட்டாகியும் இல்லை. பேதுருவின் மனைவி மெரினா என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, அந்த மெஷினைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். அழவில்லை, ஆனால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நான் கந்தோரைத் திறந்து பார்க்கிறேன், நீ போய்க் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்து என்று அனுப்பினேன்.

கந்தோரைத் திறந்தேன். கொம்பியூட்டரைத் துடைத்தேன். பேதுருவின் பைலைப் பார்த்தேன். கடைசி வரி காலை ஐந்து பத்துக்கு. இரண்டு நாற்பதிலிருந்து அதுவரை ஒரே இலக்கம், பதினொரு முறை. வள்ளம் அசையவில்லை.

அந்த இலக்கம் எனக்குத் தெரிந்த இலக்கம், ஐயா. தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது இடம்வரை என்னுடையது. முப்பது வருடம் தேடிக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நங்கூரம் போட்டு நின்று, என் பாரில், மகனையும் வைத்துக்கொண்டு பிடிக்கிறான்.

நான் கோபக்காரன் இல்லை. கதிரையில் இருந்து யோசித்தேன். இந்த இலக்கத்தை வெளியே சொன்னால் என்ன நடக்கும். நாற்பது வள்ளம் போகும். நேவிக்காரரும் போவார்கள். பேதுருவைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள், சந்தோஷம். ஆனால் நாற்பது வள்ளமும் அந்த இடத்தில் கீழே குனிந்து பார்க்கும். ஒரு மாதத்தில் அங்கே வெறும் கல்தான் மிஞ்சும். பிறகு கில்பட்டுக்கு நான் எதைச் சொல்வது. அன்றைக்குக் கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. பேதுரு எருமைமாடு மாதிரி இருப்பான். பகலில் ஏதாவது வள்ளம் கண்டு கூட்டி வரும் என்று எனக்குப் பட்டது. அந்தப் பக்கம் என்னைத் தவிர வேறு வள்ளம் போவதில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கலாம். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பைலை அழித்தேன். அது மட்டும் போதாது, ஏனென்றால் காலை ஆறு மணிக் கொப்பி அதை ஏற்கனவே எடுத்துவிட்டது. தலைவர் அக்கீலாவுக்குக் கோல் போட்டால் அவள் ஒரு நிமிடத்தில் திருப்பி எடுத்துவிடுவாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு நாற்பத்தேழு. நேரம் எழுதிய வரியைத் திறந்து, பூச்சியத்தை ஐம்பது ஆக்கி, ஆறை எட்டு ஆக்கினேன். மூன்று நிமிடம் காத்திருந்தேன். சரியாக எட்டு ஐம்பதுக்கு டிஸ்கின் பச்சை லைட் மினுங்கத் தொடங்கியது. ஆளில்லாமல், சத்தமில்லாமல், இங்கே இல்லாததை அங்கேயும் இல்லாமல் செய்தது. லைட் நின்றதும் பழையபடி பூச்சியம், ஆறு என்று மாற்றிவிட்டேன். அக்கீலாவின் வேலை உண்மையில் திறம், ஐயா. ஒரு தரம்கூடப் பிழைத்ததில்லை.

ஒன்பது மணிக்கு முற்றம் நிறையச் சனம். "மெஷினில ஒண்டும் இல்லை, பெட்டியில பற்றரி போயிருக்கும்" என்றேன். புத்தளத்திலிருந்து அக்கீலாவும் பார்த்துவிட்டு இல்லையென்றுதான் சொன்னாள். எந்தப் பக்கம் போனான், யாருக்காவது தெரியுமா என்று தலைவர் கேட்டார். வடக்கே, பத்தலங்குண்டுப் பக்கம் போவதாக முதல் நாள் சொன்னான் என்று சொன்னேன். சும்மா நிற்கிற சனத்துக்கு ஒரு திசை வேண்டும். எல்லா வள்ளமும் வடக்கே போனது. கில்பட் லொட்ஜ் வேலையை விட்டுவிட்டு முதல் வள்ளத்தில் ஏறினான். கெவின் அவனுக்கு மச்சான் முறை, தோளில் கை போட்டபடி வளர்ந்தவர்கள். என் பார் தென்மேற்கே இருக்கிறது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

புதன் போனது. வியாழன் மத்தியானம்வரை கடல் பேசாமல் கிடந்தது. அல்பொன்சா சமைக்கவில்லை, தம்பி வீட்டிலேயே கிடந்தாள். நான் கடையில் பாணும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டேன். வியாழன் பின்னேரம் கச்சான் காற்று எழும்பியது. இந்த வருடம் கச்சான் முந்திவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சிலாபத்துச் சிங்கள வள்ளம் ஒன்று கெவினைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. இரண்டு பெற்றோல் கானைக் கட்டிப் பிடித்திருந்தானாம். பேதுரு இல்லை.

ஆஸ்பத்திரியில் கெவின் சொன்னதை நானும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன். நடுச்சாமத்தில் எஞ்சின் நின்றிருக்கிறது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இருட்டில் பேதுரு நங்கூரத்தைப் போட்டிருக்கிறான். அது எங்கோ போய்க் கல்லில் கொளுவி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். அவன் என் பாரைத் தேடவுமில்லை, கண்டுபிடிக்கவுமில்லை. கடல் கொண்டுபோய் அதன்மேல் வைத்திருக்கிறது. இது எனக்கு எப்படித் தெரியும், ஐயா. மெஷின் இடத்தைத்தான் எழுதும், எண்ணத்தை எழுதாது.

விடிந்ததும் கைத்தூண்டிலைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பெரிய கலவாய். பேதுரு அவற்றைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம்.

"டேய் கெவின், இது அத்தானிட பார்தான்டா. சத்தியமா இதுதான். கரைக்குப் போய் வாய் திறந்திடாத, மனுசன் செத்திடுவார்."

பெட்டியில் பச்சை லைட் விடியும்வரை எரிந்ததாம். அதைக் காட்டி மகனைத் தேற்றியிருக்கிறான். பயப்படாதே, மாமா எட்டரைக்குக் கந்தோர் திறப்பார், முதல் வேலையாக நம்மைத்தான் பார்ப்பார் என்று. நான் பார்த்தேன்தானே. அந்த மட்டில் அவன் சொன்னது சரி. வியாழன் பின்னேரம்வரை அந்த இலக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள், ஒன்றரை நாள். பிறகு கச்சானில் கயிறு அறுந்து வள்ளம் கவிழ்ந்தது. பேதுரு இரண்டு கானையும் மகனுக்குக் கட்டிவிட்டானாம்.

லைட் எரிந்தது என்று கெவின் சொன்னதுதான் அக்கீலாவை உறுத்தியிருக்கிறது. லைட் எரிந்தால் பைல் இருக்க வேண்டும். அவள் புத்தளத்து மெஷினில் கொப்பி வந்த நேரங்களைப் பார்த்திருக்கிறாள். மூன்று கிழமை கழித்துக் கந்தோருக்கு வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"அங்கிள், அண்டைக்கு மின்வெட்டு இருந்திச்சா?"

"இல்லை, பிள்ளை."

"அப்ப ஆறு மணிக்கு வந்த கொப்பி, திரும்பவும் எட்டு ஐம்பதுக்கு ஏன் வந்த?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாகக் கண்டுபிடித்திருந்தாள். நான்தான் மாற்றினேன் என்றேன். அவள் தான் எழுதித் தந்த கலண்டர் மட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு, "நான்தானே சொல்லித் தந்த" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளை ஒன்றும் செய்யாதீர்கள். கத்தி விற்றவன்மேல் வழக்கில்லை.

ஓம், அதை அப்படியே எழுதுங்கள். பேதுரு உயிரோடு எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தேன். தெரிந்துதான் நேரத்தை மாற்றினேன். தெரிந்துதான் ஊரை வடக்கே அனுப்பினேன். என் கையால் செய்தது, வேறு ஒருவருக்கும் பங்கில்லை. இதற்குக் கொலை என்று பெயர் வைப்பதென்றால் வையுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இடத்தின் இலக்கத்தை மட்டும் கேட்காதீர்கள். பேதுருவின் உடல் வள்ளத்தோடு அங்கேயே கிடக்கலாம், சுழியோடிகளை இறக்கலாம் என்கிறீர்கள். மெரினா ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நிற்கிறாள் என்கிறீர்கள். எனக்கும் கவலைதான். நல்ல மனுஷன், சிரித்த முகம். ஆனால் சுழியோடிக்கும் கண் இருக்கிறது, அவனுக்கும் ஊர் இருக்கிறது.

முறைப்பாட்டைத் தூக்கிக் காட்டினீர்கள். முதல் கையெழுத்து கில்பட்டுடையது. பார்த்தேன், எழுத்து அழகாக இருக்கிறது, என்னைப் போல் இல்லை. கெவின் அவனுடைய மச்சான் என்பதால் ஊர் வாய்க்குப் பயந்து போட்டிருப்பான். நான் இங்கே வந்து பதினாறு நாள், அவன் இன்னும் வரவில்லை என்று சொல்லாதீர்கள். இது கச்சான் காலம், பட்டக்காரர் நிறைய வருவார்கள், அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காற்று தணிந்ததும் வருவான். வரும்போது எங்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் தனியாக விடுங்கள், ஐயா. அவன் அந்தப் பாரைக் கேட்கத்தான் வருவான்.